நன்னம்பிக்கை முனையின் பழங்கொடிகள்

திராட்சை இரசம் என்றவுடன் நம் பங்கு மக்களின் கண்முன் வந்து நிற்பது பீடத்தின்மேல் வைக்கப்படும் சிறு கண்ணாடிக் குப்பிதான். அது திராட்சைக் கனியிலிருந்தே பிறந்ததாயும், கலப்பற்றதாயும், கெட்டுப்போகாததாயும் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். பீடத் துகிலில் கறை படியாது என்பதற்காக வெண்ணிற இரசத்தையே விரும்பும் குருக்கள் பலருண்டு. இதற்கு மேல் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கனி எந்த மண்ணில் விளைந்தது, அந்தக் கொடிக்கு வயது என்ன, யாருடைய கைகள் அதைப் பறித்தன என்ற கேள்விகள் நம்மிடம் எழுவதேயில்லை.

இம்மலரில் நாம் எழுத முற்படுவது ஒரு வெண்ணிற இரசத்தின் வரலாறு. இது கோவிலுக்கென்று செய்யப்படுவதன்று. உலகச் சந்தைக்குச் செய்யப்படுவது. மது நம் ஊர்களில் எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறது என்பதை அறியாதவர்கள் அல்லர் நாம். ஆகவே குடியைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு கொடியின் கதையோடு மூன்று நூற்றாண்டுகளின் மனித வரலாறு பின்னிக் கிடக்கிறது. அதில் நம் சோழமண்டலக் கரையின் மக்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஆதலால் இதை எழுதத் துணிந்தோம்.

கருப்பு நிலம்

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடியில் கேப் டவுன் நகரம். அங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம் வண்டியில் சென்றால் ஸ்வார்ட்லாந்து என்ற நாட்டுப்புறம் வருகிறது. டச்சு மொழியில் இதன் பொருள் கருப்பு நிலம். மண் கருப்பானதால் இப்பெயர் வரவில்லை. காண்டாமிருகப் புதர் என்று அங்கே அழைக்கப்படும் ஒரு செடி ஆண்டின் சில மாதங்களில் கருமை படர்ந்து, தூரத்திலிருந்து பார்க்கக் குன்றும் சமவெளியும் கருத்துத் தோன்றும். அதனால் வந்த பெயர் என்கிறார்கள். அப்புதர்க் காடுகளில் பெரும்பகுதியை அழித்துக் கோதுமை விதைத்துவிட்டார்கள். மாம்ஸ்பரி அங்குள்ள முக்கிய ஊர். ரீபேக் பள்ளத்தாக்கும், குதிரை மலை என்று பொருள்படும் பார்டபெர்க் குன்றும் திராட்சைக்குப் பேர்பெற்ற இடங்கள்.

வெயில் கடுமையான பூமி இது. நமக்குத் தை, மாசி மாதங்களாக இருக்கும்போது அங்கே உச்சக் கோடை. அப்போதுதான் திராட்சை அறுவடையும். மழையோ பெரும்பாலும் குளிர்காலத்தில், அதாவது நம் வைகாசி தொடங்கி ஆவணி வரையில் பெய்யும். கோடை முழுவதும் வானம் வறண்டு கிடக்கும். மேற்கே அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த நீரோட்டத்தைத் தொட்டுவரும் காற்று ஒன்றுதான் ஆறுதல்.

நம் நாட்டில் திராட்சைத் தோட்டம் என்றால் பந்தல். கம்பம் பள்ளத்தாக்கிற்குச் சென்றவர்கள் பார்த்திருப்பார்கள்: கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படர்ந்து, கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை தொங்கும். குளிர்கால உறக்கம் இல்லாத பூமியாதலால் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை காய்க்கும். ஸ்வார்ட்லாந்தின் பழந்தோட்டத்தில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இடுப்பளவு உயரத்தில், முறுக்கிக்கொண்ட கருத்த அடிமரம். அதன் உச்சியில் விரித்த கைவிரல்களைப்போல் நாலைந்து கிளைகள். தொலைவிலிருந்து பார்த்தால் திராட்சை என்று சொல்ல முடியாது. ஏதோ புதர் என்றே தோன்றும். புதர்க்கொடி என்றே அங்கும் பெயர். வாய்க்காலும் இல்லை, சொட்டுநீரும் இல்லை. குளிர்காலத்தில் பெய்த மழையை மண் பிடித்து வைத்துக்கொள்ள, வேர் அதைத் தேடிக் கருங்கல் பொடிந்த மணலுக்குள் ஆழ இறங்கிப் போகிறது.

இளங்கொடிக்கு மேல்மண்ணில்தான் வேர். வெயில் ஏறினால் அது தவித்துப்போய், பழத்தை அவசரமாகப் பழுக்கவைக்கும். சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். புளிப்புக் குறைந்த பழத்திலிருந்து பிழிந்த வெள்ளை இரசம் சாறு செத்ததாய், தட்டையாய் இருக்கும். வெப்ப நாடுகளில் நல்ல வெள்ளை இரசம் அரிதாக இருப்பதன் காரணம் இதுவே. ஆழ வேர் விட்ட முதிய கொடியோ நிதானமாகக் காய்க்கிறது. கொத்துகள் குறைவு, பழம் சிறிது, ஆனால் இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

கொடியின் பெயர்

செனின் பிளாங்க் என்பது அத்திராட்சையின் பிரெஞ்சுப் பெயர். பிரான்சில் லுவார் ஆற்றின் கரைகளில் பல நூற்றாண்டுகளாகப் பயிரிடப்படுவது. கடும் வெயிலிலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத குணம் அதற்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் அதை நெடுங்காலம் ஸ்டீன் என்றே அழைத்தார்கள். ஸ்டீனும் செனினும் ஒன்றேதான் என்பதைக் கொடியின் இலை, தளிர், கொத்து இவற்றை ஒப்பிட்டு ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓர்ஃபர் 1960களில்தான் நிறுவினார். அதுவரை அது தங்கள் நாட்டுக் கொடியே என்று குடியானவர்கள் நம்பியிருந்தார்கள். இன்று பிரான்சில் இருப்பதைவிடத் தென்னாப்பிரிக்காவில்தான் செனின் அதிகம்!

அது எப்போது அங்கே வந்தது? 1652ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் யான் வான் ரீபேக் நன்னம்பிக்கை முனையில் கரையிறங்கினார். ஐரோப்பாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் இடையே செல்லும் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, நன்னீர் கொடுக்க ஓர் இடைத்தங்கல் வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் மாலுமிகளை வாட்டிய நோய்களுக்குத் திராட்சை இரசம் நல்லது என்று அக்காலத்தவர் எண்ணினர். தண்ணீரைவிட அது கெடாமல் இருக்கும் என்பதும் ஒரு காரணம். 1655இல் திராட்சைக் கன்றுகள் கப்பலில் வந்து சேர்ந்தன. 1659 பிப்ரவரி 2ஆம் நாள் முதன்முதலாக அங்கே திராட்சை பிழியப்பட்டது. வான் ரீபேக் அன்று தம் நாட்குறிப்பில் இறைவனுக்கு நன்றி கூறி இதைப் பதிந்துவைத்தார். அந்த நாள் நம் மெழுகுதிரித் திருநாள் என்பது தற்செயல்தான். அவர் அத்திருநாளைக் கொண்டாடும் சபையைச் சேர்ந்தவர் அல்லர். அந்த முதற்கொடிகளிலேயே செனினும் இருந்திருக்கக்கூடும் என்று கருதுவோர் பலர்.

வரலாற்று நூல்கள் இந்தத் தேதியைப் பெரிதாக அச்சிடும். அதற்கு முந்திய ஆண்டை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். 1658 மார்ச்சு மாதம் ஆமர்ஸ்ஃபோர்ட் என்ற கப்பல் அங்கோலா நாட்டு மக்களை அடிமைகளாக அங்கே கொண்டுவந்து இறக்கியது. அவ்வாண்டிலேயே மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மற்றொரு கப்பல் வந்தது. அடிமைகள் வந்து ஓராண்டு நிறைவதற்குள் முதல் இரசம் பிழியப்பட்டது! அன்று தொடங்கி 1830கள் வரை அந்நாட்டுத் திராட்சைத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பிலேயே நின்றன.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள்; பின்னர் வங்காளம், மலபார், இலங்கை, நம் சோழமண்டலக் கரை. அடிமை வாணிபம் நீடித்த ஏறக்குறைய 150 ஆண்டுகளில் அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 60,000 பேர். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவர்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்களுக்குக் கோட்டைகள் இருந்ததை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். துணியும் வெடியுப்பும் ஏற்றிய அந்தக் கம்பெனி மனிதரையும் ஏற்றியது. முனையில் இறங்கியவர்களுக்குச் சொந்தப் பெயர் நிலைக்கவில்லை. எசமானர் இட்ட பெயரோடு ஊரின் பெயரையும் ஒட்டிவைத்தார்கள். ‘வான் கோரமண்டல்’ என்றும், ‘கரையைச் சேர்ந்தவர்’ என்ற பொருளில் ‘வான் தெ குஸ்ட்’ என்றும் பழைய ஆவணங்களில் காணப்படும் பெயர்கள் நம் பக்கத்து மக்களுடையவை. அவர்களில் தமிழரும் இருந்தனர், தெலுங்கரும் இருந்தனர். அவர்கள் வீட்டு வேலையும் செய்தார்கள், கொத்து வேலையும் செய்தார்கள், திராட்சைத் தோட்டத்தில் மண்ணும் வெட்டினார்கள்.

1685ஆம் ஆண்டு முனையில் நடந்த இரண்டு செய்திகளை இங்கே சொல்லாமல் மேலே போக மனமில்லை. மலபார் மூலிகைகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகளில் பெருநூல் வெளியிட்ட வான் ரீடு அவ்வாண்டு கம்பெனியின் மேலாளராக அங்கே வந்து, அடிமைகள் தங்கியிருந்த கொட்டடிக்கு விதிகளை வகுத்தார். ஆளுநர் சீமோன் வான் டெர் ஸ்டெலுக்குக் கான்ஸ்டன்ஷியா என்ற நிலத்தையும் வழங்கினார். அது பிற்காலத்தில் தன் இனிப்பு இரசத்தால் ஐரோப்பிய அரண்மனைகளில் புகழ்பெற்றது. அதே ஆண்டில் சயாம் நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த இயேசு சபைக் குரு கீ தாஷார் தம் தோழர்களுடன் முனையில் தங்கினார். டச்சுக்காரர்கள் அவர்களை மரியாதையுடன் நடத்தினார்கள், வானநூல் ஆராய்ச்சிக்கு இடமும் கொடுத்தார்கள். ஆனால் கரையில் திருப்பலி நிறைவேற்ற மட்டும் அனுமதி இல்லை. திராட்சை கொத்துக் கொத்தாய் விளைந்த அந்த நாட்டில் கத்தோலிக்கப் பீடத்துக்கு இடமில்லாதிருந்தது. வழிபாட்டு உரிமை 1804இல்தான் கிடைத்தது. முதல் ஆயர் பேட்ரிக் கிரிஃபித் ஆண்டகை 1838இல் கேப் டவுனில் வந்திறங்கினார். தாஷார் அடிகளார் பின்னாளில் நம் புதுச்சேரியிலும் பணியாற்றி, 1712இல் வங்காளத்தில் காலமானார்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. அதே 1685இல்தான் பிரான்சின் கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயி, தம் நாட்டுப் புரொட்டஸ்டாண்டு மக்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தார். ஊரைவிட்டு ஓடியவர்களில் இருநூறு பேர் வரையில் 1688ஐ ஒட்டிய ஆண்டுகளில் முனைக்கு வந்து சேர்ந்தார்கள். திராட்சைத் தொழில் அறிந்தவர்கள் சிலர் அவர்களுள் இருந்ததால் முனையின் இரசம் மேம்பட்டது என்பார்கள். நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய வரலாறன்று அது.

மலிவுச் சரக்கு

இங்கிலாந்து 1861இல் முனை இரசத்துக்கு அளித்திருந்த வரிச்சலுகையை நீக்கியதும், 1886இல் வேரைத் தின்னும் பூச்சி வந்து தோட்டங்களை அழித்ததும் பெரிய அடிகள். அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மறுபடியும் எழுப்ப முடிந்தது. பிறகு வந்தது எதிர்மாறான துன்பம்: விளைச்சல் மிகுந்து, வாங்க ஆளில்லாமல் இரசத்தைக் கொட்டிவிடும் நிலை. 1918இல் குடியானவர்கள் கே.டபிள்யூ.வி. என்ற பெருங்கூட்டுறவை அமைத்தார்கள். விலையை நிர்ணயிப்பதும், மிஞ்சியதை வாங்கிச் சாராயமாக வடிப்பதும் அதன் பணி. 1957 முதல் யார் எவ்வளவு விளைவிக்கலாம் என்ற வரம்பும் அதன் கையில் இருந்தது. அது 1992இல்தான் நீக்கப்பட்டது.

குடியானவன் பட்டினியிலிருந்து தப்பினான் என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டில் பழத்துக்கு விலை எடையையும் சர்க்கரையையும் பார்த்துத்தான். நூறு தோட்டங்களின் பழம் ஒரே தொட்டியில் கொட்டப்பட்டது. எவனுடைய பழம் சிறந்தது என்று கேட்பார் இல்லை. அதற்கு ஏற்ற கொடியாக அமைந்தது ஸ்டீன்: தண்ணீர் விட்டால் வாரிக் காய்க்கும், எதற்கும் பயன்படும். பிராந்திக்கு அதுதான், ஷெர்ரிக்கு அதுதான். 1959இல் லீபர்ஸ்டைன் என்ற இலேசான இனிப்புடைய வெள்ளை இரசம் விற்பனைக்கு வந்தது. செனினே அதில் முக்கியம். முதல் ஆண்டில் 30,000 லிட்டர். 1964இல் 3 கோடி லிட்டருக்கு மேல்! புட்டியில் விற்கும் இரசங்களில் உலகிலேயே அதிகம் விற்றது அதுவே என்று அன்று பேசப்பட்டது. குளிரூட்டிய எஃகுத் தொட்டிகளில் விரைவாய் நொதிக்கவைத்து, கொய்யாப்பழ வாசத்தோடு அவ்வாண்டே விற்றுத் தீர்க்கும் முறையும் இக்காலத்தில் பரவியது. அந்த வேகத்தில் ஊரெங்கும் செனின் நட்டார்கள். இன்று பழங்கொடி என்று போற்றப்படுபவற்றில் கணிசமானவை அந்த நாள்களில், மலிவுச் சரக்குக்காக நடப்பட்டவையே.

அந்த மலிவுச் சரக்கின் ஒரு பகுதி எங்கே போயிற்று என்பதையும் சொல்லவேண்டும். 1838இல் அடிமைத்தளை முற்றும் நீங்கியது. தளை நீங்கியவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. அதே தோட்டங்களில் கூலிகளாய் நின்றார்கள். கூலியில் ஒரு பகுதியைக் காசாகக் கொடுக்காமல் மட்ட இரசமாகக் கொடுக்கும் வழக்கம் அடிமைக் காலத்திலிருந்தே தொடர்ந்தது. டோப் முறை என்று அதற்குப் பெயர். காலையில் ஒரு குவளை, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாள் முழுவதும் ஊற்றிக்கொடுத்தார்கள். குடிக்குப் பழகியவன் தோட்டத்தைவிட்டுப் போகமாட்டான் என்ற கணக்கு! 1960களில் சட்டம் தடுத்தும் பல தோட்டங்களில் அது நெடுங்காலம் நிற்கவில்லை. அதன் விளைவைக் குழந்தைகள் சுமக்கிறார்கள். தாயின் வயிற்றிலேயே மதுவால் மூளையும் உடலும் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் அந்த மாநிலத்தில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என்று மருத்துவ ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பழங்கொடிகளின் அழகை எழுதுகிறவர்கள் சிலர் இதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். நமக்கு அது உடன்பாடில்லை.

தப்பிப் பிழைத்தவை

1994இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது, தேர்தல் நடந்தது, உலகச் சந்தை திறந்தது. வெளிநாட்டார் கேட்டது சிவப்பு இரசம். உடனே செனினைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கபர்னே, ஷிராஸ் நடலானார்கள். ஒரு காலத்தில் அந்நாட்டுத் திராட்சைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை இருந்த செனின் பின்னர் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைந்தது. பிடுங்கியதில் முதலில் போனவை முதிய கொடிகள். இதற்குக் கணக்கு எளிது. நீர் பாய்ச்சும் இளந்தோட்டம் ஒரு எக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, 20 டன்னும் தரும். முதிய புதர்க்கொடி 4 டன் தந்தால் பெரிது. எடைக்கே விலை என்றால் பழங்கொடியை வைத்திருப்பவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு வருமானம். இலையைச் சுருட்டும் நச்சுநோய் வேறு தோட்டங்களை இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் தளரச் செய்துவிடும். அதனால் கொடி வயதேறுமுன் மாற்றி நடுவதே நல்ல விவசாயம் என்று அதிகாரிகளும் சொன்னார்கள்.

அப்படியானால் சில தோட்டங்கள் எப்படித் தப்பின? அருமை தெரிந்து காத்தவர்கள் மிகச் சிலரே. பிடுங்கி மறுபடி நடக் கையில் பணம் இல்லாதவர்கள், கோதுமையிலும் ஆட்டிலும் பிழைப்பு நடந்ததால் குன்றின் மேலிருந்த கொடியை மறந்தவர்கள், தகப்பனார் நட்டது கிடக்கட்டும் என்று விட்டவர்கள், இவர்களாலேயே அவை நின்றன. நம் ஊரில் பனைமரம் பல இடங்களில் அப்படித்தான் தப்பியிருக்கிறது. ஸ்வார்ட்லாந்து திராட்சைக்குப் பின்தங்கிய நாடு என்று பெயர் வாங்கியிருந்ததே அதன் கொடிகளுக்குக் கவசமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் இதைக் கண்டுகொண்டவர்கள் இளைஞர் சிலர். ஈபன் சாடி என்பவர் ஸ்வார்ட்லாந்திலேயே தங்கி, சிறு குடியானவர்களின் பழந்தோட்டங்களைத் தேடிச் சென்று பழம் வாங்கினார். 2000ஆம் ஆண்டில் கொலுமெல்லா என்ற சிவப்பும், 2002இல் பல்லாடியுஸ் என்ற வெள்ளையும் செய்தார். இரண்டும் வேளாண்மை நூல் எழுதிய உரோமைப் புலவர்களின் பெயர்கள். பல்லாடியுஸ் செனினோடு சுமார் பத்து வகை வெள்ளைத் திராட்சைகள் சேர்ந்தது. அவருக்குப் பின்னே பாடன்ஹோர்ஸ்ட், மலினோ போன்றோர் அதே குன்றுகளில் வேலை தொடங்கினர்.

இவர்கள் கையாண்ட முறை புதிதன்று. பழைய முறைக்குத் திரும்பினார்கள் என்பதே பொருத்தம். கொத்தைக் காம்போடு முழுதாக மெல்லப் பிழிவது. புட்டியில் வாங்கிய நொதியைப் போடாமல் பழத்தோலிலும் அறையிலும் உள்ள இயற்கை நொதியே வேலை செய்ய விடுவது. மர மணம் ஏறாத பழைய பீப்பாய்களிலும், மண்சாடிகளிலும், முட்டை வடிவச் சிமெண்டுத் தொட்டிகளிலும் வைப்பது. நொதித்து முடிந்தபின் அடியில் தங்கும் மண்டியை உடனே அகற்றாமல் மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டு, அதன்மேலேயே இரசத்தை விட்டுவைப்பது. செத்த நொதி மெல்லக் கரைந்து இரசத்துக்கு ஒரு கனத்தைத் தருகிறது. பழத்தோல் இலேசான துவர்ப்பைத் தருகிறது. இதைச் சுவைத்தவர்கள் வாசத்தைவிட வாயில் அது நிற்கும் விதத்தையே பெரிதும் பேசுகிறார்கள். நீரைப்போல் ஓடிவிடாமல், வடித்த கஞ்சியைப்போல் நாக்கைப் பற்றிப் பரவி, முடிவில் ஒரு புளிப்பும் உப்பின் சாயலும் விட்டுச் செல்கிறதாம். வைக்கோல் நிறம், தேன், முற்றிய ஆப்பிள், காய்ந்த புல் இவற்றின் சாயல். லீபர்ஸ்டைன் செய்த அதே திராட்சைதான் இது!

கொடிகளைக் கணக்கெடுத்த பெருமை ரோசா க்ரூகர் என்ற பெண்மணியைச் சேரும். 2002 முதல் ஊர் ஊராகப் பயணம் செய்து, முதிய குடியானவர்களிடம் விசாரித்து, பதிவேடுகளோடு ஒப்பிட்டு, எந்தக் குன்றில் எந்தக் கொடி எவ்வாண்டு நடப்பட்டது என்று பட்டியல் தயாரித்தார். அந்நாட்டுத் திராட்சைத் தொழிலில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நடவு ஆண்டு பதியப்பட்டிருக்கிறது. நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப்போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவேடு இல்லாவிடில் வயதைப் பற்றிய பேச்செல்லாம் வியாபாரியின் வாய்ச்சொல்லாகவே போயிருக்கும். அவருடைய முயற்சி 2016இல் பழங்கொடித் திட்டம் என்ற அமைப்பாக உருவெடுத்தது. தொழிலதிபர் யோஹான் ரூபர்ட் பொருளுதவி செய்தார். 35 ஆண்டு நிறைந்த தோட்டத்தின் பழத்தால் ஆன இரசத்துக்கு, நடவு ஆண்டு அச்சிட்ட முத்திரையைப் புட்டியின் கழுத்தில் ஒட்டும் முறை 2018இல் தொடங்கியது. அத்தகைய தோட்டங்கள் நாடு முழுவதும் ஏறக்குறைய 4,000 எக்டேர். மொத்தத் திராட்சைப் பரப்பில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. அதில் பாதியளவு செனின். ஸ்டெலன்பாஷ் பக்கம் 1905இல் நட்ட செனின்கூட இன்னும் காய்க்கிறது.

யாருக்குப் போகிறது?

கேள்வி விலையில்தான் இருக்கிறது. ஒரு புட்டி வெளிநாட்டில் எத்தனை உயர்ந்த விலைக்கு விற்றாலும், பழம் விளைவித்தவனுக்கு எடைக்கணக்கில்தான் பணம் என்றால் அடுத்த ஆண்டு உழுவுந்து வந்து கொடியைப் பிடுங்கிவிடும். அது இப்போதும் நடக்கிறது. அதனால் சிலர் டன்னுக்கு விலை பேசாமல் எக்டேருக்கு விலை பேசுகிறார்கள்: காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் நிலத்துக்கு இவ்வளவு என்று. 2015 முதல் 2018 வரை பெய்யாமல் போன மழையில் கேப் டவுன் நகரக் குழாய்களே வறண்டுவிடும் நிலை வந்தது. அப்போது நீர் பாய்ச்சாத பழந்தோட்டங்களில் விளைச்சல் வெகுவாகச் சரிந்தது. கொடிகள் பெரும்பாலும் சாகவில்லை. எக்டேர்க் கணக்கில் உடன்படிக்கை செய்திருந்தவர்கள் அவ்வாண்டுகளைத் தாண்டினார்கள்.

குடியானவனுக்கும் கீழே இருப்பவர் தோட்டத் தொழிலாளர். 2012ஆம் ஆண்டின் இறுதியில் டி டோர்ன்ஸ் என்ற ஊரில், உண்ணும் திராட்சைத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் அம்மாநிலத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. அதுவரை அவர்களின் குறைந்தபட்ச நாட்கூலி 69 ராண்டு. 2013 மார்ச்சு முதல் 105 ராண்டாக அரசு உயர்த்தியது. நல்ல பழங்கொடி இரசத்தில் ஒரு புட்டி வாங்க அந்தக் கூலி அன்றும் போதாது.

அவர்களிடம் உள்ள ஒரு செல்வத்தைப் பிறர் உணரத் தொடங்கியிருப்பது அண்மையில்தான். கம்பியில் ஏற்றிய இளங்கொடியை நறுக்கப் பொறி இருக்கிறது. முறுக்கேறிய அறுபது வயதுக் கொடியை நறுக்கப் பொறியில்லை. எந்தக் கண்ணில் இந்த ஆண்டு துளிர் விடவேண்டும், எந்தக் கை பட்டுப்போனது, அடிமரத்தில் அழுகல் இறங்காமல் எங்கே வெட்டவேண்டும் என்பதை ஒவ்வொரு கொடியின் முன்னும் நின்று பார்த்துத்தான் முடிவு செய்யமுடியும். குளிர்கால மாதங்களில், கொடி இலையுதிர்ந்து உறங்கும்போது, இந்த வேலை நடக்கிறது. தந்தையும் தாயும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த கைப்பழக்கம் அது. இப்போது பழங்கொடித் திட்டத்தார் இதற்கென்று பயிற்சியும் நடத்துகிறார்கள்.

நறுக்கிய குச்சிகளையும் எறிவதில்லை. நோயற்றவற்றைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிப் புதிய தோட்டங்களில் நடுகிறார்கள், கம்பியில்லாமல், பழைய முறைப்படியே. 2016இல் அப்படி நட்ட கொடி ஒன்று பிழைத்து நின்றால், அதற்குக் கழுத்து முத்திரை கிடைக்கும் ஆண்டு 2051.